உடும்பும் அசிடியாவும்: ஒப்பிட்டுப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

விலங்கியல் ப்ராஜெக்ட்டில் "இரண்டு முதுகுநாணிகளை ஒப்பிடுக" என்று வந்துவிட்டால் பிள்ளைகள் தவளை, பல்லி என்று பழகிய ஜோடியைத்தான் எடுப்பார்கள். விடை புத்தகத்திலேயே இருக்கும், பார்த்து எழுதிக் கொடுத்துவிடலாம். கொஞ்சம் மெனக்கெடத் தயார் என்றால் இன்னொரு ஜோடி இருக்கிறது. ஒன்று, நம் கண்மாய்க் கரைகளில் திரியும் உடும்பு. மற்றொன்று, மண்டபம், தூத்துக்குடிப் பக்கம் கடலுக்குள் கல்லிலும் கயிற்றிலும் ஒட்டிக்கிடந்து, அழுத்தினால் தண்ணீரைப் பீய்ச்சும் அசிடியா. உடும்புக்குக் கால், நகம், பல், நீண்ட வால் எல்லாம் உண்டு. அசிடியாவுக்குத் தலைப்பக்கம் எது என்று தேடவே நேரமாகும். ஆனாலும் நத்தை, நண்டு, நட்சத்திர மீன் எல்லாவற்றையும்விட அசிடியாதான் உடும்புக்கு நெருங்கிய சொந்தம்.

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களையும் பி.எஸ்சி. விலங்கியல் முதலாண்டு மாணவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உயிரோடு எதையும் பிடிக்க வேண்டியதில்லை, அறுக்க வேண்டியதில்லை. ஒரு பைனாகுலர், ஏதாவது ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் ஒரு மதியப் பொழுது, படம் வரைய ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

படி 1: எதை எதோடு ஒப்பிடுவது?

இந்த இடத்தில்தான் பெரும்பாலான ப்ராஜெக்ட்கள் சறுக்குகின்றன. வளர்ந்த உடும்பை ஒரு பக்கம், வளர்ந்த அசிடியாவை இன்னொரு பக்கம் வைத்து அட்டவணை போட்டால் எல்லா வரியிலும் "உண்டு, இல்லை" என்றுதான் வரும். கால் உண்டு, இல்லை. கண் உண்டு, இல்லை. பத்து வரி எழுதியபின் இரண்டுக்கும் என்ன உறவு என்பது எழுதியவருக்கே விளங்காது.

முதுகுநாணிகளின் அடையாளங்களை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். உடலுக்குள் நீளவாக்கில் கம்பியாக ஓடும் முதுகுநாண், அதற்கு மேலே குழலாக இருக்கும் நரம்பு வடம், தொண்டையில் செவுள் பிளவுகள், மலவாய்க்குப் பின்னும் நீளும் வால். ஐந்தாவதாக எண்டோஸ்டைலைச் சேர்ப்பார்கள். தொண்டையின் அடிப்பக்கத்தில் பள்ளமாக ஓடி, சளி சுரக்கும் உறுப்பு அது. முதுகெலும்பிகளில் அதே இடத்தைத் தைராய்டு சுரப்பி பிடித்துக்கொள்கிறது.

இப்போது இந்த ஐந்தில் எதை யார் கடைசிவரை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வளர்ந்த உடும்பிடம் நரம்பு வடம் இருக்கிறது, வால் இருக்கிறது. செவுள் பிளவு முட்டைக்குள் இருக்கும்போதே தலைகாட்டி மறைந்துவிட்டது. முதுகுநாண் இருந்த இடத்தில் முதுகெலும்பு வந்துவிட்டது. வளர்ந்த அசிடியாவிடம் கணக்கு தலைகீழ். செவுள் பிளவுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எண்டோஸ்டைலும் இருக்கிறது. வால், முதுகுநாண், நரம்பு வடம் மூன்றும் போய்விட்டன. அதாவது, ஒருவர் வைத்துக்கொண்டதை மற்றவர் விட்டுவிட்டார். இரண்டும் வளர்ந்த நிலையில் பொதுவாகக் கையில் மிஞ்சுவது கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை.

ஆகவே உடும்பின் கருவையும் அசிடியாவின் லார்வாவையும் எதிரெதிரே வையுங்கள். ஐந்தில் பெரும்பாலானவை இரண்டிலும் சேர்ந்து கண்ணில் படுவது அந்தப் பருவத்தில்தான். வளர்ந்த விலங்குகளை அதற்கு அடுத்த கட்டத்தில், "அதே தொண்டையை வைத்து இவர் என்ன செய்தார், அவர் என்ன செய்தார்" என்று கேட்பதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

படி 2: உடும்பைப் பார்த்துக் குறிப்பெடுங்கள்

நம் மதுரைப் பகுதியில் காண்பது வங்காள உடும்பு. இந்தியாவில் நான்கு வகை உடும்புகள் இருக்கின்றன. வயல், கண்மாய், கரடு என்று பரவலாகத் திரிவது இதுதான். வாலோடு சேர்த்து ஒன்றே முக்கால் மீட்டர் வரை வளரும், அதில் பாதிக்கும் மேல் வால். அழகர்மலை அடிவாரம், நாகமலை, கீழக்குயில்குடி சமணர் மலைச் சுற்றுப்புறம், அரிட்டாபட்டி குன்றுகள் எல்லாம் இதற்குத் தோதான இடங்கள். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த பகுதி 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே போனால் உடும்பு கிடைக்காவிட்டாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள்.

காலை வெயில் கொஞ்சம் ஏறிய பிறகு போங்கள். உடும்பு வெயிலில் உடலைச் சூடேற்றிக்கொண்டுதான் இரை தேடக் கிளம்பும். கண்மாய்க் கரை, கரையான் புற்று, பழைய கல்லடுக்கு, பனையடி ஆகிய இடங்களில் தேடலாம். குட்டிகள் மரத்தில் அதிகம் இருக்கும், பெரியவை தரையில்தான் பெரும்பாலும்.

தூரத்தில் நின்று பைனாகுலர் வழியாகப் பாருங்கள். முதலில் நாக்கு. நீளமாக, நுனி இரண்டாகப் பிளந்து, நொடிக்கொரு தரம் வெளியே வந்து போகும். காற்றிலும் மண்ணிலும் இருக்கும் வாசனைத் துகள்களை ஒட்டிக்கொண்டு போய் மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பில் சேர்க்கிறது. நுனி பிளவுபட்டிருப்பதால் இடப்பக்கம் வாசம் கூடுதலா, வலப்பக்கமா என்று தெரிந்துவிடும். அடுத்து மூக்குத்துளை. மூக்கு நுனியில் இல்லாமல் கண்ணுக்கும் நுனிக்கும் நடுவே சாய்ந்த கீறலாக இருக்கும், வங்காள உடும்பை அடையாளம் காட்டும் குறி அது. அப்புறம் கழுத்து. மற்ற பல்லிகளுக்கு இவ்வளவு நீளக் கழுத்து கிடையாது. உடும்புக்குக் கழுத்தில் ஒன்பது முள்ளெலும்புகள்.

உடும்பு நடக்கும்போது தொண்டையைக் கவனிக்கத் தவறாதீர்கள். நடக்க நடக்கத் தொண்டை உப்பும், வற்றும், மறுபடி உப்பும். இதைக் கண்ணால் பார்த்து எழுதினால் ஐந்தாவது படியில் உங்களுக்கு நல்ல பலன் இருக்கிறது.

வாலையும் பாருங்கள். பக்கவாட்டில் தட்டையானது, மிரட்டினால் சாட்டையாக வீசும். பல்லி வாலைப் போட்டுவிட்டு ஓடுவதுபோல உடும்பு செய்யாது. அதன் வால் அறுந்தால் திரும்ப வளராது. அசிடியா தன் வாலை என்ன செய்கிறது என்று பார்க்கும்போது இந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். வங்காள உடும்பு 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலோ கொன்றாலோ கறி, தோல், எண்ணெய் என்று எதையாவது வைத்திருந்தாலோ மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறை. "எங்க மாமாகிட்ட சொன்னா பிடிச்சுத் தருவார்" என்று ஒரு பையன் எல்லா வகுப்பிலும் இருப்பான். அவனோடு சேராதீர்கள். வீட்டுக்குள் உடும்பு வந்துவிட்டால் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

படி 3: அசிடியாவைத் தேடிப் போங்கள்

மதுரையில் கடல் இல்லை. அதனால் இந்தப் படிக்கு இரண்டு வழிகள்.

முதல் வழி, ஆய்வக ஜாடி. நம் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக அசிடியா வகைக்கு எடுத்துக்காட்டாகப் படிப்பது ஹெர்டுமானியா என்ற இந்தியப் பெருங்கடல் இனம். விலங்கியல் துறை உள்ள பழைய கல்லூரிகளில் ஃபார்மலின் ஜாடியில் ஒன்றாவது இருக்கும். உங்கள் ஆசிரியர் மூலம் அனுமதி வாங்கிப் போங்கள். உயிரோடு இருக்கும்போது இளஞ்சிவப்பாக இருப்பது ஜாடிக்குள் வெளிறிப்போய்த் தெரியும். வடிவத்தைச் சொல்ல வேண்டும் என்றால், இரண்டு மூக்கு வைத்த சின்ன மண்கூஜா. ஒரு மூக்கு கொஞ்சம் உயரம், அது வாய்க்குழல், தண்ணீர் உள்ளே போகும் வழி. மற்றது வெளியேற்றுக்குழல். அடிப்பக்கம் கல்லோடும் சிப்பியோடும் ஒட்டியிருந்த இடம். ஜாடியை மெல்லத் திருப்பி இரண்டு குழல்களும் பக்கவாட்டில் தெரியும்படி வைத்துக்கொண்டு வரையுங்கள். மேலிருந்து பார்த்து வரைந்தால் உருளைக்கிழங்குதான் வரும்.

இரண்டாம் வழி, ஒரு நாள் பயணம். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டினால் மண்டபம். 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் முன்பு இங்கேதான் இருந்தது; தலைமையகம் பிறகு கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் அதன் மையம் இயங்குகிறது. பள்ளி அல்லது கல்லூரிக் கடிதத்தோடு முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது. தூத்துக்குடி போனால் துறைமுகப் பக்கம் கயிறு, மிதவை, தூண் இவற்றின் நீருக்குள் இருக்கும் பகுதியைப் பாருங்கள். படகைக் கரையேற்றி அடிப்பாகம் சுரண்டும் நேரம் கிடைத்தால் இன்னும் வசதி. பார்னக்கிள், பாசி, சிப்பி இவற்றுக்கு நடுவே வழவழவென்று, தொட்டால் சுருங்கி நீரைத் துப்புகிற கட்டிகள் இருக்கும். கறுப்பாக, விரல் நீளத்துக்குக் கெட்டியான தோலோடு இருந்தால் அது ஃபல்லூசியா நைக்ரா என்ற இனமாக இருக்கலாம். தட்டையாகப் படர்ந்து, மேலெல்லாம் சின்னச் சின்னத் துளைகளோடு இருந்தால் அது ஒரு விலங்கு இல்லை, பல நூறு உயிர்கள் ஒரே போர்வைக்குள் வாழும் கூட்டம்.

படகைச் சுரண்டுபவர்களுக்கு இது தொல்லை. படகின் வேகத்தைக் குறைக்கும், வலையை அடைக்கும். அவர்களிடம் கேட்டால் எந்த மாதம் அதிகம் பிடிக்கிறது என்று புத்தகத்தில் இல்லாத தகவல் கிடைக்கும், மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். சுரண்டிப் போட்டதைப் பார்த்தால் போதும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அந்தப் பகுதியில் இறங்கிச் சேகரிக்க முடியாது.

படி 4: இரண்டு ஸ்லைடுகள்

ப்ராஜெக்ட்டின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. நேரத்தை இதில் செலவிடுங்கள்.

ஆய்வகத்தில் "அசிடியன் டாட்போல் லார்வா" என்ற நிரந்தர ஸ்லைடைக் கேளுங்கள். மைக்ரோஸ்கோப்பில் குறைந்த உருப்பெருக்கத்தில் வைத்தால் தவளைத் தலைப்பிரட்டை மாதிரியே ஒன்று தெரியும். தலைப்பகுதி, பின்னால் வால், மொத்தமே ஒரு மில்லிமீட்டர் அளவு. வாலின் நடுவே கண்ணாடிக் குச்சியாக ஓடுவது முதுகுநாண். சியோனா என்ற இனத்தில் அது சரியாக 40 செல்கள் ஒற்றை வரிசையில் அடுக்கியது. அதற்கு மேலே நரம்பு வடம். தலைப்பகுதியில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் இருக்கும். ஒன்று வெளிச்சத்தை உணரும் கண்புள்ளி. மற்றது மேல் எது கீழ் எது என்று சொல்லும் சமநிலை உறுப்பு. முன் முனையில் மூன்று சின்ன முகைகள் தெரிந்தால் அவை ஒட்டுறுப்புகள்.

இந்த லார்வா சாப்பிடாது. சில மணி நேரம் அல்லது ஒன்றிரண்டு நாள் நீந்தும், இடம் பார்க்கும், தலையால் முட்டிக் கல்லில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் வால் உள்ளிழுக்கப்பட்டு, முதுகுநாணும் வால் தசைகளும் கரைந்து உடலுக்கே போய்ச் சேரும். உடல் உள்ளுக்குள் சுற்றித் திரும்பி, ஒட்டிய பக்கத்திலிருந்து வாய் விலகி நீரைப் பார்த்து நிற்கும். பாடப்புத்தகத்தில் பின்னோக்கு வளர் உருமாற்றம் என்று படித்தது இதைத்தான். உடும்பு கழற்றிப்போடாத வாலை, ஒரு மில்லிமீட்டர் அசிடியா தானே தின்று தீர்த்துவிடுகிறது.

சரி, உடும்பின் கரு எங்கே கிடைக்கும்? கிடைக்காது, தேடவும் கூடாது. உடும்பு மண்ணைத் தோண்டி, சில சமயம் கரையான் புற்றிலேயே, முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். குஞ்சு வெளிவர அரை வருடம், அதற்கு மேலும்கூட ஆகும். அதற்குப் பதிலாக ஆய்வகத்தில் உள்ள கோழிக் கரு ஸ்லைடுகளைப் பயன்படுத்துங்கள். பறவையும் ஊர்வனவும் ஒரே வழியில் வந்தவை, ஓட்டுக்குள் கரு வளரும் விதமும் நெருக்கமானது. உங்கள் நோட்டில் "உடும்புக்குப் பதிலாகக் கோழிக் கரு" என்று தெளிவாக எழுதிவிடுங்கள். ஆசிரியர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

24 மணி நேரக் கரு ஸ்லைடில் நடுக்கோடாக முதுகுநாணும், அதன்மேல் மடிந்து மூடிக்கொண்டுவரும் நரம்புக் குழலும் தெரியும். 72 மணி நேர ஸ்லைடுக்குப் போனால் கழுத்துப் பக்கம் செவுள் பிளவுகள் வரிசையாக, பின்னால் வால் மொட்டு. இப்போது அசிடியா லார்வா படத்தை இடப்பக்கமும் கருப் படத்தை வலப்பக்கமும் வரைந்து, பொது உறுப்புகளுக்கு ஒரே நிறம் கொடுங்கள். முதுகுநாணுக்குச் சிவப்பு, நரம்பு வடத்துக்கு நீலம், தொண்டைக்குப் பச்சை. லார்வாவின் செவுள் பிளவுகள் ஒட்டிக்கொண்ட பிறகுதான் முழுசாகத் திறக்கும், அதனால் ஸ்லைடில் தெளிவாகத் தெரியாவிட்டால் கற்பனையாக வரையாதீர்கள். தொண்டைப் பகுதி என்று மட்டும் குறியுங்கள்.

ரஷ்ய விலங்கியலாளர் கொவலெவ்ஸ்கி 1866-ல் செய்தது ஏறக்குறைய இதே வேலைதான். அதுவரை அசிடியாவைச் சிப்பி, நத்தைகளின் கூட்டத்தில் வைத்திருந்தார்கள். அவர் முட்டையிலிருந்து லார்வா வரை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, இது முதுகெலும்பிகளின் பக்கம் சேர வேண்டியது என்று காட்டினார். ஐந்தே வருடத்தில், 1871-ல், டார்வின் மனிதனின் தோற்றம் பற்றிய தன் நூலில் இந்தக் கண்டுபிடிப்பை எடுத்து வைத்துப் பேசினார்.

படி 5: உறுப்பு உறுப்பாக ஒப்பிடுங்கள்

எல்லா உறுப்புக்கும் ஒரே அளவு இடம் கொடுக்க வேண்டாம். தொண்டைக்கு இரண்டு பக்கம் கொடுத்தால் கழிவுக்கு இரண்டு வரி போதும்.

தொண்டையில் தொடங்குங்கள். அசிடியாவின் உடலுக்குள் பெரும் பகுதி தொண்டைதான். வாய்க்குழல் வழியாக வரும் தண்ணீர் கூடையாக விரிந்த தொண்டைக்குள் விழுகிறது. சுவரெங்கும் பிளவுகள், பிளவின் ஓரமெல்லாம் நுண்ணிய மயிர் போன்ற குற்றிழைகள். அவை அசைந்து நீரை இழுக்கின்றன. எண்டோஸ்டைல் சுரக்கும் சளி மெல்லிய வலையாகத் தொண்டைச் சுவரில் நகர்ந்துபோகிறது. நுண்ணுயிர்கள் அதில் ஒட்டிக்கொள்ள, வலை சுருண்டு உணவுக்குழாய்க்குப் போகிறது. தண்ணீர் பிளவுகள் வழியே அடுத்த அறைக்கு வந்து வெளியேற்றுக்குழலில் போய்விடும். மூச்சும் சாப்பாடும் ஒரே வேலை.

உடும்புக்கு நுரையீரல் இருக்கிறது. ஆனால் இரண்டாம் படியில் பார்த்த தொண்டை உப்பலை நினைத்துக்கொள்ளுங்கள். பல்லி இனம் உடலை இடமும் வலமும் வளைத்து ஓடும்போது அதே விலாத் தசைகளால் மூச்சும் விடுவது கஷ்டம். அதனால் பல்லிகள் ஓடி ஓடி நிற்கும். உடும்பு தொண்டையைப் பம்ப்பாகப் பயன்படுத்திக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது, அதனால்தான் அதனால் நெடுந்தூரம் நடந்து இரை தேட முடிகிறது. இந்தப் பம்ப்பை இயக்கும் நாவடி எலும்புகள் கருவின் செவுள் பிளவுகளுக்கு இடையே இருந்த வளைவுகளிலிருந்து வந்தவை. அசிடியாவில் நீர் வடிக்கும் அதே வட்டாரம் உடும்பில் நாக்கை நீட்டவும் காற்றைத் தள்ளவும் வேலை செய்கிறது. உங்கள் ப்ராஜெக்ட்டில் அடிக்கோடிட வேண்டிய பத்தி இது.

இதே இடத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. அசிடியாவுக்குள் நீர் ஒரு வழியில் போய் மறு வழியில் வரும், ஒருதிசை ஓட்டம். ஆப்பிரிக்காவின் சவானா உடும்பின் நுரையீரலுக்குள்ளும் காற்று பெரும்பாலும் ஒரே திசையில் ஓடுகிறது என்று 2013-ல் கண்டுபிடித்தார்கள். ஆகா, ஒற்றுமை என்று எழுதிவிடாதீர்கள். இது செயலொத்த ஒற்றுமை மட்டுமே. நுரையீரல் அசிடியாவிடம் இல்லவே இல்லை, வம்சாவழியாக வந்த ஒற்றுமை இது ஆகாது. பத்தாம் வகுப்பில் படித்த அமைப்பொத்த, செயலொத்த உறுப்புகள் என்ற பாகுபாட்டைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

எண்டோஸ்டைலையும் தைராய்டையும் தனியாக ஒரு பத்தி எழுதுங்கள். எண்டோஸ்டைல் அயோடினைப் பிடித்து வைக்கும், தைராய்டும் அப்படியே. லாம்ப்ரே என்ற தாடையில்லா மீனின் லார்வாவில் எண்டோஸ்டைல் இருந்து, அது வளரும்போது அதே உறுப்பு தைராய்டாக மாறுகிறது. நடு வழியில் நிற்கும் சாட்சி அது.

இதயம். அசிடியாவின் இதயம் வால்வு இல்லாத ஒரு குழாய். சில நிமிடம் ஒரு திசையில் இரத்தத்தைத் தள்ளும், நிற்கும், பிறகு எதிர்த் திசையில் தள்ளத் தொடங்கும். அதனால் தமனி எது, சிரை எது என்று பெயர் வைக்க முடியாது. உடும்பின் இதயத்தில் கீழறை ஒன்றுதான் என்றாலும் உள்ளே ஒரு தசைமேடு இருக்கிறது. இதயம் சுருங்கும்போது அது சுவராகிவிடும். உடலுக்குப் போகும் இரத்தம் அழுத்தமாகவும் நுரையீரலுக்குப் போவது மிதமாகவும் பிரிந்துவிடும். மூன்று அறை என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த மதிப்பெண் கிடைக்காது. இரத்தத்தைப் பற்றி ஒரு வரி: சில அசிடியாக்களின் இரத்தச் செல்களில் வனேடியம் என்ற உலோகம் கடல்நீரில் உள்ளதைவிடப் பல லட்சம் மடங்கு செறிந்திருக்கிறது. ஹென்ஸே என்ற ஜெர்மானியர் 1911-ல் கண்டது.

தோல். உடும்பின் செதில்கள் கெரட்டின், நம் நகத்தில் இருப்பது. கஞ்சிராவுக்குப் பரம்பரையாகக் கட்டிவந்தது உடும்புத் தோல்தான். சட்டம் வந்தபின் ஆட்டுத்தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் மாறியிருக்கிறார்கள். அசிடியாவின் போர்வையில் இருப்பது செல்லுலோஸ். ஆமாம், தாவரத்தில் இருக்கும் அதே செல்லுலோஸ், சுங்குடிச் சேலையின் பருத்தி நூலில் இருப்பது. விலங்குகளில் தானே செல்லுலோஸ் தயாரிப்பது இந்தக் கூட்டம் மட்டும்தான். அதற்கான மரபணு வெகு காலத்துக்கு முன் பாக்டீரியாவிடமிருந்து வந்து சேர்ந்தது என்பது ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட விளக்கம்.

மூளையில் ஒரு பிரபலமான கதை உலவுகிறது, "அசிடியா இடம் கிடைத்ததும் தன் மூளையைத் தின்றுவிடும்" என்று. கேட்க நன்றாக இருக்கிறது, பாதிதான் சரி. லார்வாவின் கண்புள்ளியும் சமநிலை உறுப்பும் நரம்பு வடமும் அழிகின்றன. ஆனால் வளர்ந்த அசிடியாவுக்கு இரண்டு குழல்களுக்கும் நடுவே ஒரு நரம்புத் திரள் உருவாகிறது. தொட்டால் சுருங்குவது அதன் வேலை.

இனப்பெருக்கத்தில், உடும்பில் ஆண் பெண் தனித்தனி. அசிடியா பெரும்பாலும் இருபால் உயிரி, கூட்டமாக வாழும் இனங்கள் மொட்டுவிட்டும் பெருகும். இந்தோனேசியாவின் கொமோடோ உடும்பு, மூன்று மீட்டர் வரை வளரும் பெரியண்ணன், ஆண் துணையே இல்லாமல் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்ததை 2006-ல் இங்கிலாந்து விலங்குக் காட்சிச் சாலைகளில் பார்த்தார்கள். அதையும் மொட்டுவிடுதலையும் ஒன்றாகச் சேர்த்து எழுதக் கூடாது. ஒன்று கருவுறாத முட்டை, மற்றது உடலின் ஒரு பகுதி.

கழிவு: உடும்பு நீரைச் சேமிக்க யூரிக் அமிலமாக வெளியேற்றும், எச்சத்தின் வெள்ளைப் பகுதி அது. அசிடியா பெரும்பாலும் அம்மோனியாவாக நீரில் விட்டுவிடும்.

படி 6: வம்ச மரம் வரையுங்கள்

அசிடியாவைக் கீழே வைத்து அம்புக்குறி போட்டு உடும்புக்குக் கொண்டுபோனால் அந்தப் படம் தப்பு. இன்றைய அசிடியா உடும்பின் மூதாதை கிடையாது. ஒரு பொது மூதாதையிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன, இரண்டும் அதே அளவு காலம் தனித்தனியே மாறி வந்திருக்கின்றன. சீனாவின் செங்ஜியாங் பகுதியில் கிடைத்த, சுமார் 51.8 கோடி ஆண்டு பழமையான புதைபடிவங்களில் மீன் போன்ற முதுகெலும்பிகளும் அசிடியா போன்றவையும் இருப்பதால், பிரிவு அதற்கும் முன்னால் நடந்தது.

மூன்றாவது கிளையாக ஆம்பியாக்சஸைச் சேருங்கள். பார்க்க மீன் மாதிரி இருக்கும், வளர்ந்த பிறகும் முதுகுநாணை வைத்திருக்கும். அதனால் அதுதான் முதுகெலும்பிகளுக்கு நெருக்கம் என்று வெகுகாலம் நம்பினார்கள். 2006-ல் பல மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு இந்த வரிசையை மாற்றியது. அசிடியா உள்ள கூட்டமே முதுகெலும்பிகளுக்கு அடுத்த சொந்தம், ஆம்பியாக்சஸ் முன்னாடியே பிரிந்த கிளை. உங்கள் பாடப்புத்தகப் படம் வேறு மாதிரி இருந்தால் அதையும் பக்கத்தில் வரைந்து காட்டுங்கள்.

மரபணுத் தகவலுக்கு ஒரு சின்ன அட்டவணை போதும். சியோனா அசிடியாவின் மரபணுத்தொகை 2002-ல் வெளியானது. சுமார் 16 கோடி டி.என்.ஏ. எழுத்துகள், 16,000 மரபணுக்கள் அளவில். கொமோடோ உடும்பினுடையது 2019-ல் வந்தது. சுமார் 150 கோடி எழுத்துகள், மரபணுக்கள் சுமார் 18,000. எழுத்துகள் பத்து மடங்கு, மரபணுக்கள் ஏறக்குறைய அதே அளவு. இதைப் பார்த்துவிட்டு "உயர்ந்த விலங்கு, தாழ்ந்த விலங்கு" என்று எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடலாம்.

படி 7: எழுதுவதும் வைவாவுக்குத் தயாராவதும்

அறிக்கையை நான்காம் படியின் இரட்டைப் படத்தில் தொடங்குங்கள். அறிமுகத்தில் "உலகில் பல்வேறு உயிரினங்கள் வாழ்கின்றன" என்று எழுத வேண்டாம், திருத்துகிறவர் அந்த வரியை அன்றைக்கு மட்டும் முப்பது தடவை படித்திருப்பார். படத்துக்கு அடுத்து தொண்டை, அப்புறம் இதயம், தோல். உடும்பை நேரில் பார்த்த இடம், நேரம், வெயில் எப்படி இருந்தது என்பதைத் தனிப் பக்கத்தில் வையுங்கள். ஆனால் புற்றோ பொந்தோ இருக்கும் சரியான இடத்தை எழுதாதீர்கள், வேட்டைக்காரர்களும் படிப்பார்கள்.

வைவாவில் கேட்க வாய்ப்புள்ளவை மூன்று. "அசிடியாவுக்கு முதுகெலும்பு உண்டா?" கிடையாது, லார்வாப் பருவத்தில் முதுகுநாண் உண்டு, இரண்டும் வேறு. "உடும்புக்கு முதுகுநாண் எங்கே?" கருவில் முழுசாக இருந்தது, முள்ளெலும்புகள் அதைச் சூழ்ந்து இடம்பிடித்துவிட்டன. மூன்றாவது கொஞ்சம் வம்பான கேள்வி: "கல்லில் ஒட்டிக் கிடப்பதை விலங்கு என்று எப்படிச் சொல்கிறாய்?" அதற்கு இரட்டைப் படத்தைத் திருப்பிக் காட்டி, இடப்பக்கத்து வாலில் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்காட்டுங்கள்.